கோமாரி எந்த வழியாக எல்லை தாண்டுகிறது?

கட்டுத்தரை | செவ்வாய், இரவு 9.12

வணக்கம். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் போகும் பக்கம், கேரள எல்லைக்கு நான்கு கிலோமீட்டர் கிழக்கே எங்கள் தோட்டம். தென்னைக்கு நடுவே சாளை போட்டு மாடு வைத்திருக்கிறோம். ஏழு உருப்படி. அதில் மூன்றுக்குக் கோமாரி.

போன வாரம் சனிக்கிழமை காலையில் பெரிய செவலை பருத்திக்கொட்டைத் தண்ணீரை முகர்ந்துவிட்டு ஒதுங்கி நின்றது. வெயில் ஏறியதும் சப்புக்கொட்டும் சத்தம். வாயைப் பிடித்துப் பார்த்தால் நாக்குத் தோல் கையோடு உரிந்து வருகிறது. மறுநாள் பக்கத்தில் கட்டியிருந்த இரண்டுக்கும் குளம்பிடுக்கில் புண். வேளைக்குப் பதினொரு லிட்டர் கறந்த மாடு இன்று மாலை இரண்டரை லிட்டர் கொடுத்தது. கன்றைத் தாயிடம் விடாமல் பிரித்துக் கட்டியிருக்கிறேன். கோமாரிப் பால் குடித்த கன்று நின்றபடியே விழும் என்று அம்மா சொல்வார்.

நான் எழுத வந்தது வேறு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மூன்று வாரத்துக்கு முன் ஒரு கறவை வாங்கினார். மேற்கேயிருந்து வந்த மாடு. ஒரு காதில், ஊசி போட்ட மாட்டுக்கு மாட்டும் அடையாள வில்லையை அறுத்தெடுத்த கிழிசல் இருந்தது. வந்த ஆறாம் நாள் அதற்கு எச்சில் ஒழுகியது. மேற்கே போகும் லாரியைச் சாவடியில் நிறுத்துகிறார்கள், மாட்டை எண்ணுகிறார்கள், காகிதம் பார்க்கிறார்கள். கிழக்கே வரும் மாட்டை யார் பார்க்கிறார்கள்? அது சாலைக்கே வரவில்லை. ரேஷன் அரிசி மேற்கே போகும் அதே தோப்புத் தடத்தில் நடந்து வந்தது.

அப்படியென்றால் சாவடி எதற்கு? மேற்கேயிருந்து நோயை அனுப்புகிறவர்களை யார் கேட்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சித்தூர்க்காரன் | செவ்வாய், இரவு 9.50

அண்ணா, மாடுகள் தேறட்டும். ஆனால் கடைசி வரிக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் எல்லைக்கு மேற்கே, கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். எங்கள் டீக்கடையில் வந்து உட்கார்ந்து பாருங்கள், நீங்கள் எழுதிய இதே கதையைத் திசை மட்டும் மாற்றிச் சொல்வார்கள். "கிழக்கேயிருந்து வந்த மாடு, காதில் வில்லை இல்லை, ஆறாம் நாள் எச்சில்." எங்களுக்கு நீங்கள்தான் நோய் அனுப்புகிறவர்கள்.

வாளையாறு, வேலந்தாவளம், நடுப்புணி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று சாவடிகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே இருப்பது என்ன? என் மாமனாரின் நிலம் இந்தப் பக்கம், அவர் தம்பியின் கிணறு அந்தப் பக்கம், நடுவே ஒரு வாய்க்கால். இரண்டு வீட்டு மாடுகளும் ஒரே வரப்பில் மேய்கின்றன. கறவைக்காரர் ஒரே ஆள். காலையில் அங்கே கறந்துவிட்டு அதே கையோடு இங்கே வருகிறார். வைக்கோல் லாரியை மாட்டுக் காகிதம் கேட்டு நிறுத்தியதை நான் இதுவரை பார்த்ததில்லை.

துண்டுக்குள் விரல் | செவ்வாய், இரவு 10.31

தரகன் மகன் பேசுகிறேன். எப்படியும் நாலாவது பதிலில் எங்களைத்தான் திட்டப்போகிறீர்கள், அதற்குள் நானே வந்துவிடுகிறேன்.

பொள்ளாச்சிச் சந்தை செவ்வாய், வியாழன். ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும்கூட மாடு வரும். இங்கே ஒரு கை மாறி, மேற்கே வாணியங்குளம், குழல்மன்னம் சந்தைகளில் இன்னொரு கை மாறும். அறுப்புக்குப் போகும் மாடு திரும்பி வராது, அது சரி. ஆனால் அதே லாரியில் நல்ல கறவையும் ஏறுகிறது. அங்கே விலை படியவில்லை என்றால் இறங்கி வேறு தொழுவத்துக்குப் போகிறது, இல்லையேல் கிழக்கே திரும்புகிறது. பத்து நாளில் நான்கு தொழுவம் பார்த்த மாடுகள் எனக்குத் தெரியும். ஒவ்வொரு தொழுவத்திலும் ஒரே தொட்டித் தண்ணீர்.

சாவடிக்கு முன்பே மாட்டை இறக்கி நடத்துவது எதற்கு என்று கேட்பீர்கள். நோயை மறைக்க என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதி நேரம் காரணம் வேறு. ஒரு லாரிக்கு ஆறு மாடு என்பது 1978ஆம் ஆண்டு விதி. ஆறு மாட்டை ஏற்றினால் டீசல் காசுகூடத் தேறாது. கூடுதலாக ஏற்றியவன் சாவடியில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க மீதியை நடத்துகிறான். நடந்து போகும் அந்த மாட்டைத்தான் எந்த டாக்டரும் பார்ப்பதில்லை.

இன்னொன்று. கலெக்டர் சந்தையை மூடினால் வியாபாரம் நிற்கும் என்று நினைக்காதீர்கள். தோப்புக்குள் நடக்கும். சந்தையிலாவது நூறு கண் பார்க்கும். தோப்பில் துண்டுக்குள் விலை பேசும் இரண்டு கை மட்டும்தான்.

குப்பைமேனி | புதன், காலை 6.05

எல்லை இருக்கட்டும், மாட்டைப் பாருங்கள். சீரகம், வெந்தயம், மிளகு ஊறவைத்து, மஞ்சள் தூள், பூண்டு, வெல்லம் சேர்த்து அரைத்து, தேங்காய்த் துருவலோடு பிசைந்து நாக்கில் தடவிவிடுங்கள். குளம்புப் புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, மருதாணி, துளசி, மஞ்சள், பூண்டு அரைத்து நல்லெண்ணெயில் காய்ச்சிப் பூசுங்கள். ஊசி போட்டே மாடுகளைக் கெடுத்துவிட்டோம். எங்கள் தாத்தா காலத்தில் ஏது தடுப்பூசி?

ஓய்வுபெற்ற ஊசி | புதன், காலை 7.40

முப்பத்திரண்டு ஆண்டு கால்நடை மருந்தகங்களில் இருந்தவன். தம்பி கட்டுத்தரை, முதலில் மாடு, பிறகு எல்லை.

மேலே சொன்ன பண்டுவத்தைத் தாராளமாகச் செய்யுங்கள். எங்கள் கால்நடைப் பல்கலைக்கழகமே பரிந்துரைப்பதுதான், புண் ஆறும். ஆனால் அது கிருமி பரவுவதைத் தடுக்காது. நோய் வந்த மாட்டைக் கடைசியில் கறங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் சலவைச் சோடா கலந்து தரை, தொட்டி, கறவைப் பாத்திரம், உங்கள் செருப்பு எல்லாவற்றையும் கழுவுங்கள். காரத்தில் இந்தக் கிருமி நிற்காது, புளிப்பிலும் நிற்காது. கறவைக்காரரை வேறு தொழுவத்துக்கு அனுப்பாதீர்கள். ராகிக் கூழ், வாழைப்பழம் போல உரசாத தீனி கொடுங்கள். கன்றைப் பிரித்துக் கட்டியது சரி. உங்கள் அம்மா சொன்னது அனுபவ உண்மை: இளங்கன்றில் கிருமி இதயத் தசையைத் தாக்குகிறது. அறுத்துப் பார்த்தால் இதயத்தில் புலித்தோல் போல வரி இருக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

தாத்தா காலத்தில் தடுப்பூசி இல்லை, உண்மை. வெக்கை நோய் இருந்தது. ஒரே வாரத்தில் ஊர்ப்பட்டியே காலியாகும். அதையும் சொல்கிறேன், எல்லைக்கு அது ரொம்பவும் தேவை.

சாவடியில் நிற்கும் ஆய்வாளரால் என்ன பார்க்க முடியும்? கோமாரி உடலில் புகுந்து அறிகுறி தெரிய இரண்டு முதல் பதினான்கு நாள் ஆகலாம். வாயில் கொப்புளம் தெரிவதற்கு முன்பே பாலிலும் எச்சிலிலும் கிருமி வரத் தொடங்கிவிடலாம். அந்த நேரத்தில் மாடு அசை போட்டுக்கொண்டு அழகாக நிற்கும். காகிதம் சரியாக இருக்கும். நானும் அப்படிப்பட்ட மாடுகளுக்குச் சான்று எழுதி அனுப்பியிருக்கிறேன், ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. இந்தக் கிருமி காற்றிலும் போகும்: 1981இல் பிரான்சின் பிரிட்டனி கரையிலிருந்து கடலுக்கு மேலே 250 கிலோமீட்டர் கடந்து இங்கிலாந்தின் வைட் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அது குளிர்ந்த, ஈரமான காற்று. நம் வெயிலில் அது அவ்வளவு தூரம் தாங்காது. நமக்கு லாரிதான் காற்று.

தடுப்பூசிக்கு வருகிறேன். ஓ, ஏ, ஆசியா-1 என்ற மூன்று வகைக்கும் சேர்த்துத்தான் நம் ஊசி. 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கிய தேசியத் திட்டத்துக்கு ஐந்தாண்டுக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி, காதில் பன்னிரண்டு இலக்க வில்லை, 2030க்குள் ஒழிப்பது இலக்கு. ஊசி போட்ட மறுநாளே மாட்டுக்குக் கவசம் வந்துவிடாது; இரண்டு வாரமாவது வேண்டும். ஆறு மாதத்தில் அந்த எதிர்ப்பும் தேய்ந்துவிடும். மருந்தைக் குளிர் குறையாமல் 2 முதல் 8 டிகிரிக்குள் கொண்டுவர வேண்டும். இவ்வளவும் சரியாக நடந்தாலும், பால் குறையும் என்று ஊசி நாளில் மாட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் ஒளித்துக் கட்டுகிற வீடுகள் உண்டு. எல்லை ஊர்களில் ஒரு வசதி: இங்கே ஊசிக்காரர் வந்தால் அங்கே ஓட்டிவிடலாம், அங்கே வந்தால் இங்கே. 2013இல் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், ஆந்திரம் என்று தென்னாடு முழுவதும் கோமாரி அடித்தபோது நான் பார்த்தது, இரண்டு மாநிலத்திலும் ஒரே வாரத்தில் ஊசி போடாத எல்லை ஊர் எதுவும் தப்பவில்லை.

இப்போது வெக்கை. இந்தியாவில் அந்த நோய் கடைசியாகத் தெரிந்தது நம் வட ஆற்காட்டில், 1995இல். அதற்குப் பிறகு என்னைப் போன்ற இளைய டாக்டர்களை ஊர் ஊராக அனுப்பினார்கள். ஊசி போட இல்லை, தேட. ஒவ்வொரு ஊரிலும் நாலு பேரைக் கேட்க வேண்டும்: கண்ணில் நீர், வாயில் புண், கழிச்சல், இந்த மூன்றும் சேர்ந்த மாடு உண்டா? மாடுகள் நடந்து போகும் வழித்தடத்திலேயே நாங்களும் போய்ச் சாவடி, சத்திரம், தண்ணீர்த்துறை எல்லாம் விசாரித்தோம். 2006இல் இந்தியாவுக்கும் 2011இல் உலகத்துக்கும் வெக்கை ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் பூமியிலிருந்து ஒழித்த நோய் அது ஒன்றுதான். அதில் மருந்தின் பங்கு பெரிது. ஆனால் கடைசி இரண்டு ஆண்டு நாங்கள் வாயைத்தான் பயன்படுத்தினோம். யாரும் மாட்டைப் பிடுங்க மாட்டார்கள் என்று தெரிந்ததால் ஜனங்கள் சொன்னார்கள்.

ஆட்டுக்கொல்லி நோய்க்கும் இப்படி ஒரு கதை உண்டு. இந்தியாவில் அது முதலில் கண்டுபிடிக்கப்பட்டது விழுப்புரம் பக்கத்து அரசூரில், 1987இல். ஆடு சாகிறது என்று யாரோ ஒருவர் சொன்னதால் பிடிபட்ட கிருமி. அந்த ஊர்க் கிருமியிலிருந்தே பின்னர் தடுப்பூசி செய்தார்கள், பெயரும் அரசூர்தான்.

குப்பைமேனி | புதன், காலை 8.15

புண்ணுக்கு நல்லது என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். அது போதும் எனக்கு.

காற்றாலை | புதன், மதியம் 1.20

நான் மாட்டுக்காரன் இல்லை, காற்றாலை நிறுவும் வேலை. 2022இல் குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் இருந்தேன். அங்கே எல்லை என்றால் உங்கள் வாய்க்கால் போல இல்லை: கம்பி வேலி, விளக்கு வரிசை, இரவு முழுக்க ரோந்து. ஒரு மாடு கடக்க முடியாது. பாகிஸ்தானின் சிந்துப் பகுதியில் சில மாதங்களுக்கு முன்பே தோல் கழலை நோய் பரவியிருந்தது. ஏப்ரல் வாக்கில் கட்ச்சில் தெரிந்தது, ஆடி மாதத்துக்குள் ராஜஸ்தான் முழுவதும். உடம்பெல்லாம் உருண்டை உருண்டையாகக் கழலை, கால் வீங்கி நடக்க முடியாத மாடுகள். ஊருக்கு வெளியே கிடத்திய உடல்களின் வாடை எங்கள் முகாம் வரை வரும். அந்த ஆண்டு நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் மாடுகள் செத்ததாக அரசுக் கணக்கு.

எங்கள் ஓட்டுநர் சொன்னது: "வேலி நமக்கு, ஈக்கு இல்லை." அப்படியென்றால் இங்கே லாரியைப் பிடித்து என்ன ஆகப்போகிறது டாக்டர் ஐயா?

ஓய்வுபெற்ற ஊசி | புதன், மாலை 5.02

நல்ல கேள்வி. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டக் கூடாது.

தோல் கழலை நோய் கடிக்கும் ஈ, கொசு, உண்ணி வழியாகப் பரவுவது. 1929இல் ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் முதலில் எழுதிவைத்தார்கள். அங்கிருந்து மேற்கு ஆசியா வர அறுபது ஆண்டு எடுத்துக்கொண்டது. ஆனால் 2019 ஜூலையில் வங்கதேசத்தில் தெரிந்து, அடுத்த மாதமே ஒடிசாவின் மயூர்பஞ்சில் தெரிந்தது. ஈயால் அவ்வளவு வேகமாகப் பறக்க முடியாது தம்பி. ஈ பக்கத்துத் தொழுவத்துக்குக் கொண்டுபோகும். பக்கத்து மாவட்டத்துக்குக் கொண்டுபோவது மாட்டு வியாபாரம். உங்கள் ஓட்டுநர் சொன்னது பாதி சரி. கட்ச்சில் வேலியை ஈ தாண்டியிருக்கலாம். அங்கிருந்து ஜெய்ப்பூர் வரை அது லாரியில்தான் போயிருக்கும் என்பது என் கணிப்பு.

அதற்கு அப்போது ஆட்டம்மைத் தடுப்பூசியைத்தான் மாட்டுக்குப் போட்டோம். ஒரே குடும்பத்துக் கிருமி, ஓரளவு காக்கும். ஹிசார் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய நம் சொந்த ஊசியை 2022 ஆகஸ்டில் வெளியிட்டார்கள்.

கோமாரியில் ஈயின் பங்கு சின்னது. எச்சில், பால், மூச்சு, கை, சக்கரம், துணி இவைதான் பெரிது.

டன்டாக் மழை | புதன், இரவு 11.48

அயர்லாந்திலிருந்து எழுதுகிறேன், செவிலியர் வேலை. எங்கள் ஊருக்கும் வட அயர்லாந்து எல்லைக்கும் பத்து நிமிடம்கூட இல்லை. வீட்டுக்காரர் வயதான ஆட்டுக்காரர். 2001 பற்றி அவர் சொல்ல ஆரம்பித்தால் தேநீர் ஆறிவிடும்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்தில் கோமாரி. மொத்தத்தில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். வட இங்கிலாந்துச் சந்தையில் வாங்கிய செம்மறிகளை ஒரு வியாபாரி கப்பலில் வட அயர்லாந்துக்குக் கொண்டுவந்தார். காகிதத்தில் அவை நேரே அறுப்புக்கூடத்துக்குப் போகிறவை. ஆனால் எல்லையோரம் மீக் என்ற சிற்றூரில் இறக்கி, அங்கிருந்து ஒரு பகுதியைத் தெற்கே கொண்டுபோய்விட்டார்கள். கால்நடை கடத்துவது இந்த எல்லையில் பழைய தொழில். மார்ச் 1ஆம் தேதி மீக்கில் நோய் உறுதியானது. 22ஆம் தேதி எல்லைக்குத் தெற்கே, கூலி தீபகற்பத்தில் ஒரு பண்ணையில்.

தெற்கு அயர்லாந்து முழுவதற்கும் அந்த ஒரே பண்ணைதான். பிறகு நோய் நகரவில்லை. தீபகற்பத்துச் செம்மறிகள் எல்லாவற்றையும் கொன்றார்கள். நாடே பேட்ரிக் திருநாள் ஊர்வலத்தைத் தள்ளிவைத்தது. கோயில் வாசலில்கூட மருந்து நனைத்த சாக்கு. வீட்டுக்காரரின் மந்தையும் போயிற்று. ஒரு ஆட்டுக்கும் நோய் இல்லை. "அழுதேன், ஆனால் ஒளிக்கவில்லை. சந்தை விலை கொடுத்தார்கள்" என்றார்.

சித்தூர்க்காரன் | வியாழன், காலை 6.30

இந்தக் கடைசி வரிதான் அக்கா. சந்தை விலை கொடுத்தார்கள். எங்கள் பக்கம் கோமாரி என்று சொன்ன வீட்டுக்கு என்ன கிடைக்கிறது? பால் சொசைட்டியில் முறைப்பு, வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் சண்டை.

ஓய்வுபெற்ற ஊசி | வியாழன், காலை 7.10

2009ஆம் ஆண்டுக் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, அட்டவணையில் உள்ள நோய் என்று சந்தேகம் வந்தாலே மாட்டுக்காரர் அறிவிக்க வேண்டும், பிரித்துக் கட்ட வேண்டும். அறிவித்தால் பால் இழப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. நம் நாட்டில் கோமாரி மாட்டைக் கொல்வதும் இல்லை, அதனால் அயர்லாந்து போல விலை கொடுக்கும் பேச்சும் இல்லை. மாடு பிழைக்கும், ஆனால் மூச்சிரைக்கும், முடி வளர்ந்து வெயில் தாங்காது, மடி வீங்கும், சினை நிற்காது. அதைத் தெரிந்த குடியானவன் என்ன செய்வான்? எச்சில் ஒழுகுவதற்கு முன்பே தள்ளிவிடப் பார்ப்பான்.

கோமாரி என்ற பெயரிலேயே மாரி இருக்கிறாள். தென்னாட்டு ஊர்களில் பழைய வழக்கம் ஒன்று உண்டு: கொள்ளை நோய் வந்தால் அம்மனுக்குப் பூசை போட்டு, அவளை மேளதாளத்தோடு கொண்டுபோய் அடுத்த ஊர் எல்லையில் விட்டுவிட்டு வருவார்கள். அடுத்த ஊர்க்காரர்கள் அதற்கடுத்த எல்லைக்கு. சாவடி வேலையில் இருந்தபோது எனக்கு அடிக்கடி அந்த மேளச் சத்தம் நினைவுக்கு வரும்.

துண்டுக்குள் விரல் | வியாழன், காலை 7.55

டாக்டர் சொன்னதால் கேட்கிறேன். கட்டுத்தரை அண்ணா, கோபப்படக் கூடாது. போன மாதம் பருத்திக்கொட்டை விலை இழையில், "எட்டு உருப்படிக்கு மூட்டை பத்து நாள் வரவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். இந்த இழையில் ஏழு. எட்டாவது எங்கே?

குப்பைமேனி | வியாழன், காலை 8.20

இது தேவையில்லாத குத்தல். அவரே நொந்து போயிருக்கிறார்.

நெறியாளர் | வியாழன், காலை 9.00

தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். கேள்வி இழைக்குத் தொடர்புள்ளது என்பதால் நீக்கவில்லை. கட்டுத்தரை விரும்பினால் பதில் சொல்லலாம். மூலிகைப் பண்டுவம் பற்றி வந்த மேலும் ஆறு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன்.

கட்டுத்தரை | வியாழன், இரவு 10.44

காலையிலேயே பார்த்தேன். நாள் முழுக்க மாட்டோடு இருந்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். வேண்டாம்.

எட்டாவது ஒரு கிழட்டு ஜெர்சிக் கலப்பு. பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்கு எச்சில் ஒழுகுகிறது என்று கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. என் மாடுகள் எதற்கும் அப்போது ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு தோட்டத்து மாடும் ஒரே வாய்க்காலில் குடிக்கின்றன, வரப்போகிறது என்று தெரியும். மறுநாள் வியாழன். ஜெர்சியை ஓட்டிப் போய் 18,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். நல்ல விலை. வாங்கியவர் பல்லைப் பிடித்துப் பார்த்தார், மடியைப் பார்த்தார். அதற்கு அன்றைக்கு எதுவும் இல்லை. அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துச் செவலை தீனியை விட்டது.

முதல் பதிவில் மேற்கேயிருந்து நோய் அனுப்புகிறார்கள் என்று எழுதும்போது ஜெர்சி நினைவுக்கு வரவில்லை என்றால் பொய். அதை எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற ஊசி | வெள்ளி, காலை 5.50

தம்பி, அந்த மாடு யார் கைக்குப் போனது என்று தெரியுமா? இப்போது அது ஒன்றுதான் கேள்வி. காதில் வில்லை எண் உண்டென்றால் எழுதுங்கள்.

கட்டுத்தரை | வெள்ளி, காலை 6.10

வில்லை உண்டு, எண்ணைப் பால் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வாங்கியவர் பெயர் தெரியாது. வெள்ளை ஜீப், முன்பக்கம் முருகன் படம். மேற்கே போகிறவர்.

துண்டுக்குள் விரல் | வெள்ளி, காலை 6.25

முருகன் படம் ஒட்டிய வெள்ளை ஜீப்பில் மேற்கே போகிறவர் மூன்று பேர். அப்பாவைக் கேட்கிறேன்.

துண்டுக்குள் விரல் | வெள்ளி, காலை 9.40

கிடைத்தது. ஜீப்காரர் அடுத்த நாளே கொழிஞ்சாம்பாறைக்கு மேற்கே ஒரு வீட்டில் 21,000க்குக் கொடுத்திருக்கிறார். கறவைக்கு என்று சொல்லி. சாவடி வழியாகப் போனதா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டு அடையாளத்தைச் சித்தூர்க்காரருக்குத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

சித்தூர்க்காரன் | வெள்ளி, மதியம் 2.15

போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். என் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். தொழுவத்துக்குள் போகவில்லை, வேலிக்கு வெளியே நின்றே பேசினேன். வந்ததும் செருப்பைச் சோடாவில் போட்டேன் டாக்டர் ஐயா.

வில்லை எண் பொருந்துகிறது. மாடு வந்த நாலாம் நாள் நொண்டியிருக்கிறது. இப்போது வாய்ப்புண் ஆறத் தொடங்கியிருக்கிறது, ஆனால் அவர்களுடைய பழைய கறவைக்கு நேற்றிலிருந்து எச்சில். கணவர் வெளியூரில், அந்த அம்மா தனியாகச் சமாளிக்கிறார். கோமாரி என்று அவருக்குத் தெரியும். மருந்தகத்துக்குச் சொல்லவில்லை. நாளைக் காலை லாரி வரச் சொல்லியிருக்கிறார், இரண்டையும் சந்தைக்கு ஏற்ற. "எனக்கு மட்டும் எதற்கு அந்த நஷ்டம்? எனக்கு விற்றவர் சொன்னாரா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. விற்றவரிடம் கேட்கிறேன் என்றேன். அவர் மாட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுப்பாரா என்று கேட்கிறார்.

கட்டுத்தரை | வெள்ளி, மதியம் 2.40

எடுத்துக்கொள்கிறேன். வண்டி அனுப்பட்டுமா?

ஓய்வுபெற்ற ஊசி | வெள்ளி, மதியம் 2.52

அனுப்பாதீர்கள்! மாடு இருக்கும் இடத்திலேயே நிற்கட்டும். இன்னொரு முறை அந்தத் தடத்தில் வரவே கூடாது. அந்த அம்மாவிடம் லாரியைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். அங்குள்ள மருந்தகத்தில் எனக்குத் தெரிந்த இளைய டாக்டர் ஒருவர் இருக்கிறார். இன்று மாலையே வருவார், சுற்று வட்டாரத்தில் ஊசி போட ஏற்பாடு செய்வார். கிழக்கே உங்கள் ஊர்ப் பக்கம் நான் பேசிவிட்டேன், திங்கள் காலை வருகிறார்கள். ஒளித்துக் கட்ட வேண்டாம் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் சொல்லுங்கள்.

சித்தூர்க்காரன் | வெள்ளி, மாலை 4.30

மறுபடி போனேன். லாரியை நிறுத்த ஒப்புக்கொள்கிறார், ஆனால் இரண்டு மாட்டுக்கும் ஒரு மாதத் தீனிக்கு வழி கேட்கிறார். மாட்டின் விலை வேண்டாமாம். பால் இல்லாமல் தவிடு வாங்கப் பணம் இல்லை என்கிறார்.

கட்டுத்தரை | வெள்ளி, மாலை 4.41

எவ்வளவு?

சித்தூர்க்காரன் | வெள்ளி, மாலை 4.58

ஆறாயிரம் என்றார். பிறகு அவரே ஐந்து போதும் என்றார்.

கட்டுத்தரை | வெள்ளி, மாலை 5.03

ஆறே அனுப்புகிறேன். எண்ணைத் தனிச் செய்தியில் போடு தம்பி. ஜெர்சிக்கு வலது பின்காம்பு கொஞ்சம் கடினம், கறப்பவரிடம் மெதுவாக இழுக்கச் சொல். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நிற்கும். லட்சுமி.